பழைய நாகஸ்வரத்தைத் தேர்வதும் விலை மதிப்பதும்

ஆடி மாதம் பிறப்பதற்கு முன்னதாகவே தச்சநல்லூரிலும் அதனைச் சூழ்ந்த தாமிரபரணிக் கரை ஊர்களிலும் அம்மன் கோயில் கொடைகளுக்கு மேளம் பேசி முன்பணம் கொடுக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. அதனோடு கூடவே, வெளியார் கண்ணில் அதிகம் படாத வேறொரு வியாபாரமும் நடைபெறுகிறது. முதுமையினால் வாசிப்பை நிறுத்திக்கொண்ட நாயனக்காரர் ஒருவரின் கருவியோ, தந்தை காலமான பின் பிள்ளைகள் வெவ்வேறு உத்தியோகங்களுக்குப் போய்விட்ட வீட்டில் பரண்மேல் கிடக்கும் கருவியோ, யாரோ ஒருவர் சொல்லி யாரோ ஒருவர் கைக்கு மாறுகிறது. வாங்குபவர் பெரும்பாலும் இளைஞர். அரசு இசைப் பள்ளியில் பயில்பவராக இருப்பார், அல்லது ஒரு செட்டில் இரண்டாம் நாயனம் வாசிப்பவராக இருப்பார். விற்பவருக்கும் விலை தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நடுவில் நிற்பவர் சொல்லியதே விலையாக முடிகிறது.

இந்நிலையில், கைமாறி வரும் பழைய நாகஸ்வரத்தை எவ்வாறு பரீட்சித்துத் தேர்வது, எந்த நியாயத்தைக்கொண்டு அதற்கு விலை சொல்வது என்ற கேள்வியை முழுவதுமாக ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ள காரியமாகும். எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலை என்பது உலவு என்னும் குழற்பகுதியின் மரத்துக்கும், அதன் உட்துளைக்கும், சுருதி சுத்தத்துக்கும் கொடுக்கப்படவேண்டியதே, வயதுக்கும், வெள்ளிப் பூணுக்கும், முன்னாளில் வாசித்தவருடைய பெயருக்கும் கொடுக்கும் பணம், வாங்குகிற இளைஞனின் வாசிப்புக்கு எவ்விதத்திலும் உதவாது.

நாகஸ்வரத்தைப் பற்றி முதன்மையாக மனத்தில் கொள்ளவேண்டிய விஷயம், புதியதாகச் செய்யப்படும் நாகஸ்வரமும் ஒரு வகையில் பழைய பொருளே என்பதாகும். கும்பகோணத்திலிருந்து மாயூரம் செல்லும் பாதையில் ஆடுதுறையை அடுத்துள்ள நரசிங்கம்பேட்டையில், தலைமுறை தலைமுறையாக இக்கருவியைக் கடைந்துவரும் ஆசாரிமார், காட்டிலிருந்து புதிதாக வெட்டிவந்த மரத்தைத் தொடுவதில்லை. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்திரம், தூண், நிலை முதலியவற்றிலிருந்து கிடைக்கும், ஈரம் முழுவதும் வற்றி நின்றுபோன ஆச்சா மரத்தையே அவர்கள் தேடி வாங்குகிறார்கள். மனிதர் வாழ்ந்த கூரையின் கீழ் எழுபத்தைந்து ஆண்டோ நூறு ஆண்டோ காய்ந்த மரம் இனி வளையாது, சுருங்காது, வெடிக்காது என்பது அவர்களுடைய அனுபவம். ஆச்சா இந்திய மரங்களுள் மிகவும் கனமும் கடினமும் வாய்ந்தவற்றுள் ஒன்று. கடைசல் உளிக்கு எளிதில் இணங்காத அந்தக் கடினமே, கடைந்து முடித்த பின் நாதத்துக்கு உறுதியைத் தருகிறது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது அந்த ஊர்த் தொழிலுக்கு வந்த காலந்தாழ்ந்த மரியாதை என்றே சொல்லவேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் மரம் எத்தனை நாயனமாகியிருக்கும், எத்தனை அடுப்பில் எரிந்திருக்கும் என்பதை நினைக்கும்போது மனம் வருந்தாமல் இருக்க இயலவில்லை.

மரத்தை விட்டு வடிவத்துக்கு வருவோம். சந்தைக்கு வரும் பழைய நாகஸ்வரங்கள் பொதுவாகத் திமிரி, பாரி என்ற இரு பிரிவுக்குள் அடங்கும். இரண்டிற்கும் இடைப்பட்டனவும் உண்டு. திமிரி குட்டையானது, உயர்ந்த சுருதியில் பேசுவது. பாரி நெடியது, இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைச் சுருதியில் கம்பீரமாகவும் இழைந்தும் ஒலிப்பது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதிவரையில் திமிரியே எங்கும் வழங்கியது. அதில் சுத்த மத்யமத்தைச் சுத்தமாகப் பேசவைப்பது வித்வான்களுக்குப் பெருஞ்சிரமமாக இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தமது ராக ஆலாபனையின் விஸ்தாரத்துக்கு இடங்கொடுக்கும் கருவி ஒன்றை வேண்ட, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளைகளின் இடங்களையும் உலவின் நீளத்தையும் மாற்றி மாற்றிப் பரிசோதித்துப் பாரி நாயனத்தை அமைத்துக்கொடுத்தார் என்பது நாகஸ்வர சரித்திரத்தில் ஒரு யுகசந்தி. அன்றுமுதல் கச்சேரி மேடைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் பாரியே உரியதாயிற்று.

நமது திருநெல்வேலி ஜில்லாவில் இந்த மாறுதலை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையிலுள்ள அச்சிற்றூரில் பிறந்து, ராஜரத்தினம் பிள்ளையிடம் சிக்ஷை பெற்று, கோயில்பட்டியில் குடியமர்ந்து, தஞ்சைப் பாணியைத் தாமிரபரணிக் கரைக்கு உரிமையாக்கியவர் அவர். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் ஆபேரியில் இழைந்து சென்றதைக் கேட்டவர்கள், பாரி என்றால் என்ன என்பதை விளக்கமின்றியே அறிந்துகொண்டார்கள். அவரைக் கேட்டு நாகஸ்வரம் பயின்ற தலைமுறை இப்போது முதுமையடைந்திருக்கிறது. இன்று இப்பக்கத்தில் விலைக்கு வரும் நல்ல பாரி நாயனங்களுள் கணிசமானவை அந்தத் தலைமுறையின் கைகளிலிருந்தே வருகின்றன.

ஆயினும் பாரிதான் உயர்ந்தது, திமிரி கழிக்கப்பட்டது என்று எண்ணி விலை பேசுவது தவறு. கொடைவிழாவில் பம்பை, தவில், கிடுகிட்டி ஆகியவற்றின் முழக்கத்துக்கு மேலே எழும்பித் திறந்த வெளியில் தூரம் சென்று கேட்கவேண்டிய நையாண்டி மேளத்துக்கு உயர்ந்த சுருதிக் கருவியே ஏற்றது. அந்தச் செட்டில் சேரப்போகும் பிள்ளைக்கு இரண்டு கட்டைப் பாரியை வாங்கிக்கொடுப்பது பணத்தை ஆற்றில் போட்டதாகும். ஆகவே, கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னமே, எங்கே வாசிக்கப்போகிறோம், யாரோடு வாசிக்கப்போகிறோம், அவருடைய சுருதி என்ன என்ற மூன்றையும் தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

இனிப் பரீட்சை. முதலில் ஊதும் நாக்காகிய சீவாளி, அது பொருந்தும் கெண்டை, அடியில் வாய் விரிந்த அணசு ஆகிய மூன்றையும் கழற்றி அப்பால் வைத்துவிட்டு, உலவை மட்டும் கையில் ஏந்திப் பார்க்கவேண்டும். நல்ல ஆச்சா உலவு, பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கையில் கனக்கும். கருமையைக்கொண்டு மட்டும் மரத்தை முடிவு செய்யலாகாது. சாயமும் வார்னிஷும் எந்த மரத்தையும் கருமையாக்கும். மேற்புறத்தில் சாயம் ஏறினாலும், கெண்டை செருகும் வாயின் உள்விளிம்பிலும் அணசு பொருந்தும் அடிமுனையிலும் மரத்தின் சுயநிறம் வெளிப்பட்டு நிற்கும். அவ்விரண்டு இடங்களையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் மரம் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும். மேற்பூச்சு மிகப் புதியதாகவும் துளை விளிம்புகள் மிகப் பழையனவாகவும் இருந்தால், எதையோ மறைப்பதற்காகவே பூச்சு போடப்பட்டது என்று கொண்டு, இன்னும் ஜாக்கிரதையாகத் தேடவேண்டும்.

அவ்வாறு மறைக்கப்படுவது பெரும்பாலும் வெடிப்பு. மரக்கருவிக்கு வெடிப்பே மரணவியாதி. வாசிக்கும்போது மூச்சின் ஈரம் உள்ளே படிவதும், வாசிப்பு முடிந்ததும் அந்த ஈரம் உலர்வதும், சித்திரை வைகாசியின் திருநெல்வேலி வெயிலில் மாதக்கணக்கில் எடுக்கப்படாமல் கிடப்பதும், பின் திடீரென்று ஒரு முகூர்த்தத்துக்கு எடுத்து மணிக்கணக்கில் ஊதப்படுவதுமாகிய மாறுதல்களினால், மேல்முனையில் கெண்டை செருகும் இடத்திலிருந்து ரேகை வழியே வெடிப்பு கீழே இறங்குகிறது. காலை இளவெயிலில் திண்ணையின் ஓரத்தில் நின்று உலவின் அடிமுனையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, மேல்முனையில் கண்ணை வைத்து மெல்ல மெல்லத் திருப்பிப் பார்த்தால், துளையின் உட்சுவர் ஈரம்போல் மினுங்கித் தோன்றும்; அந்த மினுமினுப்பின் குறுக்கே எங்கேனும் மங்கிய கோடு ஒன்று நீளவாக்கில் ஓடுமானால், அதுவே வெடிப்பு, அல்லது வெடிப்பை அடைத்த இடம். மேற்புறத்தில் அதே நேர்க்கோட்டில் விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தால் நகம் தட்டுப்படும். இவ்வளவுக்கும் அகப்படாத நுண்ணிய கசிவைக் காண இருவர் வேண்டும். ஒருவர் மேலுள்ள ஏழு விரல் துளைகளையும் மூடிக்கொள்ள, மற்றவர் கீழுள்ள துளைகளை அடைத்து அடிமுனையையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்ள, மேல்முனையில் வாயை வைத்து உறிஞ்சினால், கசிவற்ற உலவு நாவைப் பற்றி இழுக்கும்; கசிவுள்ள உலவில் காற்று வந்துகொண்டே இருக்கும்.

வெடிப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அடிமுனையில், விரல் துளைகளுக்குக் கீழே, அணசுக்கு அருகில் உள்ள சிறு வெடிப்பைப் பூண் போட்டு நிறுத்திவிடலாம். அது கருவியின் ஆயுளைப் பெரிதும் குறைப்பதில்லை. மேல்முனையில் தொடங்கி முதல் விரல் துளையைத் தொட்ட வெடிப்பு எவ்வளவு திறமையாக அடைக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு முகூர்த்த காலத்திலும் ஓர் இழை நீளும்.

வெடிப்பைவிடவும் நுட்பமானது உட்துளையின் வடிவம். நாகஸ்வரத்தின் துளை மேலே ஒடுங்கிக் கீழே விரிந்து செல்லும் கூம்பு வடிவானது. கூம்புத் துளையில் பொருந்திய இரட்டை நாக்குக் கருவி, மூச்சின் அழுத்தம் மிகும்போது அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயிக்கு ஏறும் என்பது ஒலியியலின் விதி. ஐரோப்பிய ஓபோவும் இவ்விதிக்கு உட்பட்டதே, நேர்த்துளை கொண்ட கிளாரினெட்டோ இதற்கு மாறாக, ஸ்தாயியைத் தாண்டிப் பஞ்சமத்துக்குப் போய்விடும். கூம்பின் விரிவு ஒழுங்காக இருந்தால்தான் மத்திய ஸ்தாயி ஷட்ஜமும் தார ஸ்தாயி ஷட்ஜமும் சரியாகப் பொருந்தும். யாரேனும் சுருதியைத் திருத்துகிறேன் என்று உள்ளே உளி விட்டுச் சுரண்டியிருந்தால், அல்லது பல ஆண்டு ஈரத்தினால் மேற்பகுதி ஊறித் தேய்ந்திருந்தால், அந்தப் பொருத்தம் கெட்டுவிடும். விரல் துளையைச் சுற்றித் தவறு இருந்தால் மெழுகினால் சரிப்படுத்தலாம். உட்துளையில் தவறு இருந்தால் நரசிங்கம்பேட்டை ஆசாரியாலும் அதை மீட்க இயலாது. எடுத்துவிட்ட மரத்தை யாரும் திரும்ப ஒட்டவைக்க முடியாதல்லவா?

மெழுகைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பழைய நாயனத்தில் துளைகளின் ஓரத்தில் மெழுகு ஒட்டியிருப்பதைக் கண்டு சிலர் கருவியே கெட்டதென்று தள்ளிவிடுகிறார்கள். ஏழு விரல் துளைகளுக்குக் கீழே சுருதியை அனுசரிப்பதற்காக அமைந்த ஐந்து துளைகளில் மெழுகு இடுவது எல்லா வித்வான்களும் செய்துவரும் வழக்கமான காரியம், அது குறையாகாது. விரல் துளைகளில் ஒன்றிரண்டின் ஓரத்தில் கீற்றாக மெழுகு இருப்பதும், வாசித்தவர் சுருதி ஞானம் உள்ளவர் என்பதற்கு அடையாளம். மூன்று நான்கு விரல் துளைகளில் பாதியளவு மெழுகு அடைத்திருந்தால்தான், கருவி வேறொரு சுருதிக்காகக் கடையப்பட்டு, பிறகு பலவந்தமாக மாற்றப்பட்டது என்று அறியவேண்டும். மேலும், பல்லாண்டு விரல் பட்டுப் பட்டுத் துளை விளிம்புகள் தேய்ந்து அகலுவதினால் ஸ்வரங்கள் சிறிது ஏறிப் பேசும். விரல் நுனியை விளிம்பில் வைத்துச் சுற்றினால், தேயாத பக்கம் கூராகவும் தேய்ந்த பக்கம் வழுவழுப்பாகவும் தட்டுப்படும்.

இவ்வளவும் பார்த்த பின்னரே சீவாளியைச் செருகி ஊதவேண்டும். அவ்வாறு ஊதுவது தன்னுடைய சொந்தச் சீவாளியாகவும், கூடுமானால் தன்னுடைய சொந்தக் கெண்டையாகவும் இருத்தல் அவசியம். காவிரிக் கரையின் கொருக்கைத் தட்டையைப் பக்குவப்படுத்திக் கட்டப்படும் சீவாளி, வாசிப்பவரின் உதட்டுக்கும் மூச்சுக்கும் பழகிப்போவது. விற்பவர் நன்கு பதப்படுத்தி வைத்திருக்கும் ஒரு சீவாளியைப் போட்டுத் தாமே வாசித்துக்காட்டினால், நடுத்தரமான உலவும் உத்தமமாகப் பேசும். வீட்டுக்கு வந்து நம் சீவாளியைப் போட்ட பிறகுதான் அது வேறு கருவி என்பது தெரியவரும். கெண்டை உலவின் வாயில் அசையாமல் அமர்கிறதா, அதில் சுற்றிய நூல் அளவுக்கு மிஞ்சித் தடித்திருக்கிறதா என்பதையும் நோக்கவேண்டும். நூல் மிகத் தடித்திருந்தால், வாய் அகன்றுபோயிற்று என்பது பொருள்.

ஊதத் தொடங்கியதும் பிருகாக்களில் இறங்கிவிடும் ஆசையை இளைஞர்கள் அடக்கிக்கொள்ளவேண்டும். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு, மத்திய ஷட்ஜத்தை நெடுநேரம் நிறுத்தி, பிறகு பஞ்சமம், பிறகு தார ஷட்ஜம் என்று மூன்றையும் நிதானமாகப் பிடித்துப் பார்ப்பதே முதல் சோதனை. அதன்பின் சங்கராபரணத்தில் மத்யமத்தில் நின்று இழைத்து, உடனே கல்யாணிக்கு மாறி அதன் மத்யமத்தில் நிற்கவேண்டும். ஒன்றில் சுத்த மத்யமம், மற்றதில் பிரதி மத்யமம். ரங்கநாதன் ஆசாரி பாடுபட்டுத் தீர்த்த சிக்கல் இந்தக் குறிப்பிட்ட உலவில் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்பது அந்த ஒரு மாறுதலிலேயே வெளியாகிவிடும். மூச்சை மிகத் தணித்து மெல்லிய நாதம் எழுப்பும்போதும் ஸ்வரம் தளராமல் நிற்குமானால், அந்த உலவை அரைமணி நேரம் கழித்து மறுபடியும் வாசித்துப் பார்க்கவேண்டும். சூடேறிய பின்னும் அதே சுத்தம் இருந்தால், தயங்காமல் விலைபேச உட்காரலாம்.

இங்கே பொதுவாக நிலவும் ஒரு நம்பிக்கையை ஆராயவேண்டியிருக்கிறது: நாயனம் பழகப் பழக நாதம் கனிகிறது, ஆதலால் பழையது புதியதைவிட எப்பொழுதும் மேல் என்பது அது. மரத்தின் முதிர்ச்சி நாதத்துக்கு வேண்டியதே. ஆனால் அந்த முதிர்ச்சி நாகஸ்வரத்துக்குப் பிறவியிலேயே கிடைத்துவிடுகிறது என்பதை மேலே கண்டோம். வயலினைப் பற்றி மேல்நாட்டில் இதே நம்பிக்கை இன்னும் பலமாக உண்டு. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், தேர்ந்த வயலின் வித்வான்கள் 21 பேருக்குக் கருவி கண்ணுக்குப் புலப்படாதபடி செய்து, மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் புதிய கருவிகளையே விரும்பினார்கள். மிகவும் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். 2012இல் பிரசுரமான அந்த ஆராய்ச்சியைக்கொண்டு நாகஸ்வரத்துக்கும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எனினும், கண் அறிந்த வயது காதை எவ்வளவு தூரம் வசப்படுத்துகிறது என்பதற்கு அது நல்ல சாட்சியாகும். நான் கவனித்தவரையில், இடைவிடாமல் வாசிக்கப்பட்டு வந்த பழைய கருவியில் ஸ்வரங்கள் உடனுக்குடன் பதில் சொல்லும் ஒரு பண்பு உண்டு; பரணில் பத்தாண்டு கிடந்த பழைய கருவியில் அது இல்லை. இதனால் மதிப்புக்குரியது வயது என்பதைவிட, விடாத வாசிப்பு என்று கொள்வதே பொருந்தும்.

பித்தளைக் கருவிகளின் உலகத்தை ஒப்பிட்டால் நமது சிரமம் இன்னும் விளங்கும். பாண்டு வாத்தியக் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ளூகல்ஹார்ன் என்னும் கருவி, ட்ரம்பெட்டைப் போன்ற சுருதியும் மூன்று பிஸ்டன்களும் உடையது. ஆனால் அதன் குழாயும் நாகஸ்வரத்தின் துளையைப் போலக் கூம்பாக விரிந்து செல்வதினால், நாதம் ட்ரம்பெட்டைவிட மிருதுவாக இருக்கும். பழைய ஃப்ளூகல்ஹார்ன் வாங்குகிறவர்களுக்குச் செய்தவரின் பெயரும் வரிசை எண்ணும் கருவியிலேயே பொறித்துக் கிடைக்கின்றன. அந்த எண்ணைக்கொண்டு செய்த காலத்தைப் பெரும்பாலும் அறிந்துவிடலாம். பிஸ்டன் தேய்ந்திருந்தால் மறுமுலாம் பூசலாம், குழாய் நசுங்கியிருந்தால் உருட்டி எடுக்கலாம். ஊதுவாயின் தண்டு மட்டும் கருவிக்குக் கருவி மூன்று விதமான சரிவுகளில் வருமாதலால், தன் ஊதுவாயைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாராமல் அங்கேயும் அனுபவசாலி யாரும் பணம் கொடுப்பதில்லை. நமது நாகஸ்வரத்துக்கோ வரிசை எண் கிடையாது. செய்த ஆசாரியின் பெயரும் பெரும்பாலும் வாய்மொழியாகவே வருகிறது. மரம் போனால் போனதே. நம் கோயில்களில் கல்லில் கடைந்த நாகஸ்வரங்களும் இருக்கின்றன. கும்பகோணத்தில் ஒன்று உண்டு, தாமிரபரணிக் கரையிலேயே ஆழ்வார்திருநகரியில் ஒன்று உண்டு. ஆனால் நாள்தோறும் வாசித்துப் பிழைக்கவேண்டிய மனிதனுக்கு மரமே கதி. அதன் குறைகளை அறிந்துகொள்ளும் பொறுப்பும் அவனுடையதே.

அலங்காரத்தைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. வெள்ளிப் பூண், வெள்ளிக் கெண்டை முதலியவை இருந்தால் அவற்றைத் தட்டானிடம் நிறுத்து வெள்ளியின் கிரயத்தைத் தனியே கொடுக்கலாம், அல்லது கழற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். வாகையில் கடைந்த அணசு உடைந்திருந்தாலும் பெரிய குறையில்லை. வேறு அணசு செய்துகொள்ளலாம். சீவாளிக் கொத்தோடு தொங்கும் யானைத் தந்த ஊசியை மட்டும் யாரும் விலைபேசவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முற்றிலும் தடுத்துள்ளன. ‘இன்ன மகாவித்வான் கையில் இருந்தது’ என்ற வார்த்தையை மரியாதையோடு கேட்டுக்கொள்ளவேண்டும், ஆனால் அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கலாகாது. உண்மையிலேயே மகாவித்வான் ஒருவரின் கருவியாக இருந்தால், அது இருக்கவேண்டிய இடம் அவருடைய குடும்பம் அல்லது பொருட்காட்சிசாலை. கொடைக்கு வாசிக்கப்போகும் பிள்ளையின் தோளில் அந்தப் பாரத்தையும் சேர்த்து ஏற்றுவது தர்மமாகாது.

இப்போது விலை. ரூபாய்க் கணக்கு ஆண்டுதோறும் மாறுவது; ஆதலால் பழைய காலத்து அணாக் கணக்கையே அளவுகோலாகக் கொள்கிறேன். அதே வகையும் அதே சுருதியும் கொண்ட புதிய கருவியை நரசிங்கம்பேட்டையில் செய்துவாங்க இன்றைக்கு என்ன ஆகும் என்பதை முதலில் விசாரித்து, அதைப் பதினாறு அணா என்று வைத்துக்கொள்ளவேண்டும். வெடிப்பில்லாத உலவு, ஒழுங்கான துளை, நாம் வேண்டிய சுருதி ஆகிய மூன்றும் பொருந்தி, சில ஆண்டு வாசிப்பும் கண்ட கருவிக்குப் பன்னிரண்டு அணா கொடுப்பது இருதிறத்தாருக்கும் நியாயம். விரல் துளைகள் தேய்ந்து மெழுகின் உதவியால் சுருதி நிற்குமானால் பத்தணா. அடிமுனையில் பூண் போட்ட வெடிப்பு இருந்தால் எட்டணாவுக்கு மேல் போகலாகாது. மேல்முனை வெடிப்பு விரல் துளையைத் தொட்டிருந்தால், வீட்டில் சாதகம் செய்ய மட்டும் உதவும் என்ற எண்ணத்தோடு நாலணா கொடுக்கலாம். உட்துளை சுரண்டப்பட்டிருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது; சுருதி பிசகிய கருவியில் ஆரம்பகாலச் சாதகம் செய்த பிள்ளையின் காது, பின்னாளில் எந்த ஆசிரியராலும் திருத்த இயலாதபடி கெட்டுவிடும். இவ்வாறு வந்த தொகையிலிருந்து, புதிய அணசு, புதிய கெண்டை, ஆசாரியிடம் ஒரு தடவை போய்வரும் செலவு ஆகியவற்றில் எது தேவையோ அதைக் கழித்துக்கொள்ளவேண்டும்.

எதிர்ப்புறத்தில் பதினாறு அணாவையும் தாண்டத் தகுந்த கருவிகளும் இருக்கின்றன என்பதை விற்பவர் சார்பில் சொல்வது என் கடமை. உத்தமமான பழைய ஆச்சா, விடாத வாசிப்பு, இரு ஸ்தாயியிலும் பிசகாத சுருதி என்ற மூன்றும் ஒருங்கே அமைந்த உலவு அபூர்வம். புதிய கருவியோ சொல்லிவைத்துக் காத்திருந்து பெறவேண்டியது, பெற்ற பிறகும் பழகிப் பேச நாள் பிடிப்பது. அத்தகைய கருவிக்குப் பதினெட்டணா கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். ஜோடி நாயனத்துக்கும் இதே நியாயம்தான். ஒரே ஆசாரி ஒரே மரத்தில் ஒரே சுருதிக்குக் கடைந்து, இருவர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்த ஜோடியைப் பிரித்து விற்பதைப்போல் வருந்தத்தக்கது இத்தொழிலில் வேறில்லை. தனித்தனியாக ஆகும் விலைக்கு மேலே இரண்டணா சேர்த்துக் கொடுத்தாவது சேர்த்தே வாங்கவேண்டும். இரண்டு சகோதரர்களோ இரண்டு நண்பர்களோ சேர்ந்து தொழிலில் இறங்கும்போது இந்த யோசனை மிகவும் பயன்படும்.

பணம் கொடுக்கும் நாளையும் கவனிக்கவேண்டும். கொடைக் காலத்துக்கு முன் அவசரத்தில் வாங்குவதைக் காட்டிலும், மேளத்துக்கு வேலையில்லாத மார்கழியில் விசாரிப்பது நல்லது. அப்போது கருவியை இரண்டு வாரம் வீட்டில் வைத்து வாசித்துப் பார்த்துத் திருப்தியானால் பாக்கியைக் கொடுக்கலாம் என்று கேட்டாலும் விற்பவர் சம்மதிப்பார். அந்த இரண்டு வாரத்தில் இசைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடமோ, ஊரில் மூத்த நாயனக்காரர் ஒருவரிடமோ கருவியைக் கொண்டுபோய்க் காட்டி, அவர் கையாலும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்பது அவசியம். வாசிப்பவருக்குக் கேட்காத பிசகு எதிரில் இருப்பவருக்குக் கேட்கும்.

நாகஸ்வரம் இருந்த வீடுகளில் இப்போது வசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பரணில் துணி சுற்றி வைத்திருக்கும் கருவியை நீங்கள் பூஜைப் பொருளாக எண்ணிப் போற்றுவதை மதிக்கிறேன். ஆனால் ஊதப்படாத உலவு ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துக்கொண்டிருக்கிறது. அதனை விற்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப் பள்ளியில் நாகஸ்வரம் பயிலும் பிள்ளைகளில் சொந்தக் கருவி இல்லாதவர் யார் என்று விசாரித்து, மூன்றாண்டுப் படிப்பு முடியும் வரையில் வாசித்துவிட்டுத் திருப்பித் தரும்படி ஒருவரிடம் ஒப்படையுங்கள். விற்கவே வேண்டிய நிர்ப்பந்தம் இருந்தால், நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு, மேலே சொன்ன அணாக் கணக்கின்படி நேராக அந்தப் பிள்ளையின் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுங்கள்.